கால்நடைப் பேரிடர் உதவி: தெற்கு டகோட்டாவின் மீட் கவுண்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

பேரிடர் உதவி என்பது, கால்நடை வளர்ப்போரின் பிழையின்றி நேர்ந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்ய அரசு வழங்கும் தொகை. பிரீமியம் கட்டிப் பெறுவதன்று. ஆகவே காப்பீடு ஆகாது. திருப்பிச் செலுத்துவதன்று, ஆகவே கடனும் ஆகாது.

2. வகைகள்

அமெரிக்க வேளாண்துறை 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி வழங்கிய உதவியை மூவகையாகப் பகுக்கலாம்.

அ) இறப்பு ஈடு: பேரிடர் இல்லாத ஆண்டிலும் மந்தையில் சில உயிர்கள் மடியும். அதனை 'இயல்பு இறப்பளவு' என்போம். அதற்கு மேற்பட்ட இறப்புக்கே உதவி உண்டு. அதுவும் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு.

ஆ) மேய்ச்சல் ஈடு: வறட்சியால் புல் கருகியோருக்கு உரியது. வறட்சியின் கடுமைக்கும் நீடிப்புக்கும் ஏற்ப, எத்தனை மாதங்களுக்கான தொகை என்பது முடிவாகும்.

இ) எஞ்சிய ஈடு: முன்னிரண்டில் அடங்காத இழப்புகளுக்கு உரியது, தேனீயும் பண்ணை மீனும் இதில் அடங்கும்.

3. இழப்பின் காரணங்கள்

2013 அக்டோபர் தொடக்கத்தில் மீட் கவுண்டி உள்ளிட்ட, தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியைப் பனிப்புயல் தாக்கியது. பனி மட்டுமே காரணமன்று. முதலில் பெய்த மழை மாடுகளின் தோல்வரை நனைத்தது. குளிர்கால மயிர் இன்னும் அடர்ந்திருக்கவில்லை. மந்தைகள் மறைப்பற்ற கோடை மேய்ச்சல் நிலங்களிலேயே நின்றன. காற்று தள்ளிய திசையில் நடந்து, ஓடைப்பள்ளங்களில் விழுந்து மடிந்தவை பல. மாநிலத்தின் மேற்குப் பகுதியில் இறந்த மாடுகள் பத்தாயிரத்துக்கும் மேல்.

4. உதவியின் படிநிலைகள்

சட்டம், சான்று, சரிபார்ப்பு, தொகை என்பதே முறையான வரிசை. உள்ளூர் விவசாயிகள் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழு விண்ணப்பங்களை ஆராயும். புயல் தாக்கியபோதோ முதற்படியான சட்டமே இல்லை. இறப்பு ஈட்டுக்கான சட்ட அதிகாரம் 2011 செப்டம்பருக்குப் பிந்தைய இழப்புகளைத் தழுவவில்லை. அவ்வேளை கூட்டரசின் பணிகள் முடங்கியிருந்ததால் வேளாண்துறை அலுவலகங்களும் பூட்டிக் கிடந்தன. சடலங்களோ காத்திருக்கமாட்டா, புதைத்தாக வேண்டும். புதைத்தால் சான்று மறையும். எனவே, எந்தச் சட்டத்துக்கு என்று அறியாமலே, வளர்ப்போர் படம் எடுத்தும் எண்ணிக்கை எழுதியும் வைக்க நேர்ந்தது. இடைக்காலத்தில் கைகொடுத்தது வளர்ப்போர் சங்கங்கள் திரட்டிய நிவாரண நிதியே.

2014 பிப்ரவரி 7இல் கையெழுத்தான சட்டம், 2011 அக்டோபர் முதலான இழப்புகளை ஏற்றது. விண்ணப்பப் பதிவு ஏப்ரல் 15இல் தொடங்கியது. புயலுக்கும் பதிவுக்கும் இடையே ஆறு மாதங்கள்.

5. முடிபு

இலையுதிர் காலம் கன்றுகளை விற்று ஆண்டு வருவாய் காணும் பருவம். அப்போது மடிந்த சினைப்பசுவோடு அடுத்த ஆண்டின் கன்றும் போயிற்று. அக்கன்று அன்றைய எந்த ஈட்டுக் கணக்கிலும் ஏறவில்லை. பிந்திவரும் தொகையை நம்பி வசந்தத்துக்கு முன் மந்தையை நிரப்பவும் இயலாது. ஆதலால், நம் வரையறையில் ஓர் உறுப்பைச் சேர்க்கிறோம்: பேரிடருக்கு முன்பே நிலைபெற்ற சட்டத்தால், மந்தை கலைவதற்குள் கைசேரும் தொகையே பேரிடர் உதவி.