திராட்சைத் தோலும் நீண்ட ஆயுளும்

திராட்சைக் கொடியின் வரலாறு நோவாவின் தோட்டமளவு பழமையானது. திராட்சை மாத்திரையின் வரலாறோ இன்னும் ஒரு நூற்றாண்டைத் தொடவில்லை. அதுவும் திராட்சையில் தொடங்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பிரான்சின் போர்தோ நகரில் ஷாக் மாஸ்கெலியே என்னும் இளம் ஆய்வாளர் 1947-இல் எடுத்துக்கொண்ட பொருள், நாம் ஊதித் தள்ளும் நிலக்கடலையின் செந்தோல். அதிலிருந்து அவர் பிரித்தெடுத்த பொருள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரை வலுப்படுத்துவதாகத் தோன்றியது. அதே இனப் பொருளைப் பின்னர் அவர் பைன் மரப்பட்டையிலும் திராட்சை விதையிலும் கண்டார். இரசம் பிழிந்த பின் மலைமலையாய் எஞ்சும் சக்கைக்கு போர்தோவில் பஞ்சமில்லை. எறியப்பட்ட விதை மருந்துச் சரக்காயிற்று.

மற்றொரு பொருளான ரெஸ்வெராட்ராலின் கதையும் இத்தகையதே. 1939-இல் ஜப்பானிய அறிஞர் தகவோகா அதை முதலில் கண்டது ஒரு நச்சுச் செடியில். அது திராட்சைக் கொடியிலும் உண்டென 1976-இல் தெரியவந்தது. பூஞ்சை தாக்கும்போது கொடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள் அது. பழத்தின் தோலிலேயே அது தங்குவதால், தோலோடு நொதிக்கும் சிவப்பு இரசத்தில் மிகுதியாகவும் வெள்ளை இரசத்தில் குறைவாகவும் இருக்கும்.

1991 நவம்பர் 17 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தாராளமாக உண்ணும் பிரெஞ்சு மக்களிடையே மாரடைப்பு குறைவாக இருப்பது ஏன் என்று வினவியது. செர்ஜ் ரெனோ என்னும் அறிஞர் சிவப்புத் திராட்சை இரசத்தைச் சுட்டினார். அதன்பின் அந்நாட்டில் சிவப்பு இரச விற்பனை ஏறக்குறைய 40 விழுக்காடு உயர்ந்தது. விருப்பமானதை நலம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் நம் செவிகள் எவ்வளவு விரைவாகத் திறக்கின்றன! (புனித பவுல் திமொத்தேயுவுக்குப் பரிந்துரைத்தது வயிற்றின் பொருட்டுச் சிறிதளவே; நீண்ட ஆயுளை அவர் வாக்களிக்கவில்லை.)

ஆய்வுக்கூடங்கள் அடுத்து வந்தன. ரெஸ்வெராட்ரால் ஈஸ்ட்டின் ஆயுளை நீட்டுவதாக 2003-இலும், கொழுப்புணவு உண்ட எலிகளைக் காப்பதாக 2006-இலும் டேவிட் சின்க்ளேர் குழுவினர் வெளியிட்டனர். அவர் பங்கேற்றுத் தொடங்கிய நிறுவனத்தை 2008-இல் கிளாக்சோ 72 கோடி டாலருக்கு வாங்கியது. வழக்கமான உணவுண்ட எலிகளின் ஆயுள் நீளவில்லை என்பதும் அவ்வாண்டே வெளிவந்தது; அதை யார் கவனித்தார்? அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று கொண்டால், 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு ஈடாக 250 லிட்டர் இரசம் வேண்டும். போர்தோ பீப்பாய் ஒன்று கொள்வதோ 225 லிட்டர்தான்!

2012 சனவரியில் வந்த செய்தி கசப்பானது. இதயத்துக்கு ரெஸ்வெராட்ரால் செய்யும் நன்மை குறித்து ஏராளமாக எழுதிய தீபக் தாஸ் என்னும் பேராசிரியரின் ஆய்வுகளில், தரவுகள் புனையப்பட்ட அல்லது திரிக்கப்பட்ட 145 இடங்களைக் கண்டதாக அவர் பணியாற்றிய கனெக்டிகட் பல்கலைக்கழகம் அறிவித்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். மறு ஆண்டே காலமானார். மற்றவர்களின் ஆய்வுகள் இதனால் பொய்யாகிவிடவில்லை என்பது உண்மை. ஆயினும் ஒரு கட்டுரையை நம்பி மருந்துண்ணும் நோயாளி, அதிலுள்ள படம் வெட்டி ஒட்டப்பட்டதா என்று எங்ஙனம் அறிவான்? அவனுக்கு இருப்பது நம்பிக்கை ஒன்றே. அதைத் திருடுவது பணத்தைத் திருடுவதிலும் கொடிது என்பேன்.

'இயற்கைப் பொருள்தானே, தீங்கென்ன?' என்போர் பின்லாந்தை நினைக்க வேண்டும். அங்கே புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்ததென 1994-இல் தெரிந்தது. திராட்சை மாத்திரைகளும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போருக்கு இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது.

இறுதியாக, இத்தாலியின் கியாந்தி. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வட்டாரத்தின் இரு சிற்றூர்களில், 65 வயது கடந்த 783 பேரின் சிறுநீரில் ரெஸ்வெராட்ராலின் சுவட்டை அளந்து, ஒன்பது ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்தனர். அதற்குள் 268 பேர் இறந்தனர். அப்பொருள் மிகுதியாக இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் மரணத்திலோ, இதய நோயிலோ, புற்றுநோயிலோ வேறுபாடு காணப்படவில்லை என 2014-இல் முடிவு வெளிவந்தது. மாத்திரைகள் மட்டும் இன்றும் விற்பனையாகின்றன.