மூல ஏட்டைக் காட்டுங்கள்

கொள்ளைநோய்க் காலத்து அறிவியலைப் பற்றி இன்று பரவலாக வழங்கும் தீர்ப்பு ஒன்றுண்டு: அவசரம் ஆய்வைக் கெடுத்தது என்பது. 2020ஆம் ஆண்டின் முதல் ஆறு மாத நிகழ்ச்சிகளை நாள்வாரியாக அடுக்கிப் பார்க்கையில் அத்தீர்ப்பை முழுவதும் ஏற்க நம்மால் இயலவில்லை. கெடுத்தது வேகமா, மறைப்பா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதழில் அச்சேறுமுன் ஆய்வைப் பொதுவில் வைக்கும் வழக்கம் புதியதன்று. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1961இல் தகவல் பரிமாற்றக் குழுக்களைத் தொடங்கி, அறிஞர்களிடையே தட்டச்சுப் பிரதிகளை அஞ்சலில் சுற்றுக்கு விட்டது. அவ்வாறு சுற்றிய கட்டுரைகளை வெளியிடமாட்டோம் என்று முன்னணி ஆய்விதழ்கள் முடிவெடுக்கவே, 1967இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. இயற்பியலாளர்கள் 1991இல் மீட்டெடுத்த இவ்வழக்கம், மருத்துவத்துக்கென 'மெட்ஆர்க்கைவ்' என்ற தளமாக வந்து சேர்ந்தது 2019 ஜூன் மாதத்தில்தான். அடுத்த ஆறு மாதத்தில் கொரோனா வந்துவிட்டது.

2020 ஜனவரி 11 அன்று, சீன அறிஞர் ஜாங் யோங்ஜென் குழு கண்டறிந்த வைரஸின் மரபணு வரிசையை, அவருடைய ஆஸ்திரேலியச் சகா எட்வர்ட் ஹோம்ஸ் இணையத்தில் யாவரும் காண வெளியிட்டார். மறுநாளே ஜாங்கின் ஷாங்காய் ஆய்வகம் 'சீர்திருத்தத்திற்காக' மூடப்பட்டது. ஆயினும் வெளியான எழுத்தைத் திரும்பப் பெற எவராலும் முடியவில்லை. சில நாள்களுக்குள் தடுப்பூசி வடிவமைப்பு அதைக் கொண்டே தொடங்கிற்று.

அதே மாத இறுதியில், புதிய வைரஸில் எச்.ஐ.வி.யை ஒத்த பகுதிகள் இருப்பதாகத் தில்லி ஆய்வாளர்கள் சிலரின் முன்அச்சுக் கட்டுரை வெளிவந்தது. உலகெங்கிலுமிருந்து அறிஞர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்டினர். ஓரிரு நாள்களிலேயே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பிழை பகிரங்கமாக நேர்ந்தது, திருத்தமும் பகிரங்கமாகவே நேர்ந்தது.

இதற்கு நேரெதிரான நிகழ்ச்சி மே மாதத்தில். புகழ்வாய்ந்த 'லான்செட்' இதழ் மே 22 அன்று, 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகளை ஆராய்ந்ததாகக் கூறிய கட்டுரையை, வல்லுநர் மதிப்பீட்டுக்குப் பின்னரே வெளியிட்டது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் தந்தவர்களிடையே இறப்பு மிகுதி என்பது அதன் முடிவு. மே 25 அன்று உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தின் சோதனையை நிறுத்திவைத்தது. ஆனால் கட்டுரையில் கண்ட ஆஸ்திரேலிய இறப்புகள் அந்நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கைவிடக் கூடுதலாக இருந்தன! நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் வெளிப்படையாகக் கடிதம் எழுதினர். தரவை வைத்திருந்த 'சர்ஜிஸ்ஃபியர்' நிறுவனம், தணிக்கையாளருக்குக்கூட மூலத்தைக் காட்ட மறுத்தது. ஜூன் 4 அன்று அக்கட்டுரையும், அதே நிறுவனத் தரவைக் கொண்டு 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழில் வந்த இன்னொன்றும் திரும்பப் பெறப்பட்டன.

மறுநாள் பிரிட்டனின் 'ரிகவரி' சோதனை, அம்மருந்தால் பயனில்லை என்று அறிவித்தது. அப்படியானால் 'லான்செட்' கட்டுரை மருந்தை ஐயுற்றது சரிதானே என்று வாதிடலாம். ஏடே இல்லாமல் ஊகித்த பாடம் தற்செயலாகப் பொருந்திவிட்டால் அது பதிப்பாகிவிடுமா?

'ரிகவரி'யும் வேகமாகத்தான் நடந்தது. மார்ச்சில் தொடங்கிய அச்சோதனை, ஜூன் 16 அன்று டெக்சாமெத்தசோனின் பயனை உலகுக்குச் சொல்லிவிட்டது. 2,104 பேருக்கு மருந்து தந்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேருடன் ஒப்பிட்டனர். எவருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆறு நாளில் முழு விவரமும் முன்அச்சாக வெளிவந்தது. மலிவான பழைய மருந்து ஒன்று பல உயிர்களைக் காத்தது.

திறந்து வைத்தால் மட்டும் போதும் என்றும் நாம் சொல்லவில்லை. ஐவர்மெக்டின் பற்றிய எகிப்தியக் கட்டுரை 2020 நவம்பர் முதல் 2021 ஜூலை வரை முன்அச்சுத் தளத்திலேயே இருந்தது. அதன் தரவுக் கோப்போ கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தது. அதைத் திறந்தவர் மருத்துவ மாணவர் ஒருவர்; ஒரே நோயாளி விவரங்கள் திரும்பத் திரும்ப வருவது அதன்பின் தெரியவந்தது. அதற்குள் அக்கட்டுரை பல தொகுப்பாய்வுகளில் இடம்பெற்றுவிட்டது. கதவு திறந்திருந்தாலும் உள்ளே புகுந்து பார்க்க ஆள் வேண்டும். அப்படிப் பார்ப்பதை ஆய்வுலகம் இன்னும் ஓர் ஆய்வுப் பணியாக மதிக்கவில்லை.

சுவடிப் பதிப்பில் பழகிய நமக்கு இது புரியாத செய்தியன்று. எத்தனை ஏடுகளைப் பார்த்தோம், பாடபேதம் எங்கே என்று சொல்லாத பதிப்பை, பதிப்பாசிரியர் எத்துணைப் பெரியவராயினும் நாம் ஐயுறவே செய்வோம். இதழின் பெயரும் வல்லுநர் முத்திரையும் மூலத்துக்கு ஈடாகா. பிழையான பாடத்தால் ஒரு செய்யுளின் பொருள் கெடும். பிழையான தரவால் மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவரின் மருந்து மாறிப்போகும்.