தண்ணி அளக்கிற இடமும் மழை பெய்யிற இடமும்

2024 ஆகஸ்ட் முதல் வாரம் எங்க அஞ்செட்டி டீக்கடையில ரெண்டே ரெண்டு பேச்சுதான். ஒண்ணு காவிரி வெள்ளம். ஜூலை 30-ஆம் தேதியே மேட்டூர் அணை 120 அடி நிரம்பி, ஒகேனக்கல்லில் லட்சம் கன அடிக்கு மேல தண்ணி போய்க்கிட்டு இருந்தது. இன்னொண்ணு பாரிஸ் ஒலிம்பிக். பேப்பரைப் பார்த்துட்டு ஒரு பெரியவர் கேட்டார்: "நூத்தி நாப்பது கோடி ஜனம் இருக்கோம், ஒரு தங்கத்துக்கு வக்கில்லையா?"

கடைசியில் அந்த ஒலிம்பிக்கில் நமக்குக் கிடைச்சது ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம். தங்கம் இல்லை. அந்தப் பெரியவருக்கு அன்னிக்கு என்னால பதில் சொல்ல முடியலை. அப்புறம் யோசிச்சுப் பார்த்தப்போ, பதில் எங்க ஊர்ப் பக்கமே ஓடுதுன்னு தோணுச்சு. அதைத்தான் இங்க எழுதுறேன்.

நகரத்தில் இருக்கிறவங்க டிவியில "பிலிகுண்டுலுவில் நீர்வரத்து இத்தனை கன அடி"ன்னு கேட்டிருப்பீங்க. அந்த பிலிகுண்டுலு எங்க அஞ்செட்டி பக்கம், நாட்றாம்பாளையம் தாண்டி இருக்குது. காவிரி தமிழ்நாட்டுக்குள்ள வர்ற இடம். மத்திய நீர்வள ஆணையம் அங்கதான் தண்ணியை அளக்குது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. கொடுக்கணும்னு சொன்னதும் அந்த இடத்தில் அளந்துதான். ஆனா அந்தத் தண்ணி அங்க ஊறுறது இல்லை. மழை பெய்யிறது குடகிலும் வயநாட்டிலும். பல நாளுக்கு முன்னால அங்க பெஞ்சதைத்தான் இங்க அளக்கிறோம்.

பதக்கப் பட்டியலும் இந்த மாதிரிதாங்க. அது அளக்கிற இடம். மழை வேற எங்கேயோ, இருபது முப்பது வருஷம் முன்னால பெஞ்சிருக்கணும்.

இதுல ஒரு பொருத்தம் பாருங்க. காவிரி பிறக்கிற அதே குடகுதான் இந்திய ஹாக்கிக்கும் ஒரு பிறந்த வீடு. அதனால ஹாக்கிக் கதையையே எடுத்துக்குவோம்.

ஹாக்கியை நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்தது வெள்ளைக்காரப் பட்டாளம். பட்டாளம் தங்கின இடத்தில் எல்லாம் மைதானம் இருந்தது, குச்சி இருந்தது, சாயங்காலம் நேரமும் இருந்தது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் தங்கம். அணித் தலைவர் ஜெய்பால் சிங், இன்றைய ஜார்க்கண்ட் பக்கத்து முண்டா பழங்குடிக்காரர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையிலும் இருந்தவர். கோல்களாகப் போட்டுத் தள்ளிய தியான்சந்த் ஒரு சாதாரண சிப்பாய். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா 29 கோல் போட்டது, ஒரு கோல் கூட வாங்கவில்லை. அதில் தொடங்கி 1956 வரை வரிசையாக ஆறு தங்கம். பிறகு 1964-இல் ஒன்று, 1980-இல் ஒன்று. மொத்தம் எட்டு.

பெருமைதான். ஆனா விவசாயி கணக்குப் பார்க்கும்போது நல்ல வருஷத்தையும் சரியாகப் பார்க்கணும். 1920-இல் தங்கம் வாங்கிய பிரிட்டன், 1928, 1932, 1936 மூன்று ஒலிம்பிக்கிலும் ஹாக்கிக்கு வரவே இல்லை. 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் மொத்தமே மூன்று அணிகள்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. இந்தியா அமெரிக்காவை 24-1 என்று அடித்தது. ரெண்டு ஆட்டமும் தோற்ற அமெரிக்காவுக்கும் வெண்கலம் கிடைத்தது! சந்தைக்கு மூணே வண்டி தக்காளி வந்தா யாருக்கும் விலை கிடைக்கும். அதுக்காக நம்ம ஆட்டக்காரங்க மட்டம்னு சொல்லலை. 1948-இல் லண்டனுக்கே போய், பிரிட்டனை இறுதி ஆட்டத்தில் 4-0 என்று ஜெயிச்சுக் காட்டினாங்க. சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

பாகப்பிரிவினை ஆனபோது நிலம் மட்டும் பிரியவில்லை, ஆட்டக்காரர்களும் பிரிந்தார்கள். 1960 ரோமில் பாகிஸ்தான் நம்மை 1-0 என்று தோற்கடித்தது. இருந்தாலும் 1975-இல் கோலாலம்பூரில் அதே பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து உலகக் கோப்பை வாங்கினோம். வெற்றி கோல் போட்டவர் தியான்சந்தின் மகன் அசோக்குமார்.

அடுத்த வருஷம் 1976, மான்ட்ரியல் ஒலிம்பிக். உலகக் கோப்பை வாங்கிய நாடு ஏழாவது இடம். என்ன ஆச்சு?

நிலம் மாறிப்போச்சுங்க. ஒலிம்பிக் ஹாக்கியை முதல் தடவையாகச் செயற்கைத் தரையில் ஆடினார்கள். புல் தரையில் பந்து துள்ளும், வேகம் குறையும். அதை அடக்கிக் குச்சியோடு ஒட்டி ஓட்டிப் போற கைவித்தைதான் நம்ம பலம். செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். அங்கே ஓட்டமும் மூச்சும் நீண்ட பாஸும்தான் பேசும். மானாவாரி ராகி போட்டுப் பழகினவனை ஒரே நாளில் நெல் வயலில் இறக்கினா எப்படியோ, அப்படி ஆச்சு. வெறும் தரை மட்டும் காரணம் இல்லை. ஐரோப்பாக்காரர்களின் உடற்பயிற்சியும் திட்டமும் முன்னேறிவிட்டது, நம்ம சங்கங்களில் சண்டை குறையவில்லை. ஆனா செயற்கைத் தரைக்குக் கோடிக்கணக்கில் பணம் வேணும், ஆட்டத்துக்கு முன்னால ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணி தெளிக்கணும். நம்ம பிள்ளைங்க மண்ணிலும் புல்லிலும் வளர்ந்துட்டுப் பெரிய போட்டிக்குப் போனப்புறம்தான் அந்தத் தரையையே பார்த்தாங்க.

1980 மாஸ்கோவில் நம்ம தமிழ்நாட்டு வி. பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது. ஆனா பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது. அதுக்கப்புறம் வறட்சிதான். 2008 பெய்ஜிங்குக்கு நாம் தகுதியே பெறவில்லை. 2012 லண்டனில் பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாவது.

மறுபடி தண்ணி வந்தது எப்படி? 2018 முதல் ஒடிசா அரசு தேசிய அணிக்குப் புரவலராக நின்றது. அங்கே சுந்தர்கர் மாவட்டத்துப் பழங்குடிக் கிராமங்களில் ஹாக்கி ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. முன்னாள் இந்திய அணித் தலைவர் திலீப் திர்க்கி அந்த மாவட்டத்துக்காரர்தான். ஊறிக் கிடந்த இடத்தில் தரையும் பணமும் வருஷா வருஷம் நிலையாகச் சேர்ந்தது. 2021-இல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து வெண்கலம். 41 வருஷத்துக்குப் பிறகு. பாரிஸில் மறுபடி வெண்கலம்.

இப்ப குடகுக்கு வருவோம். 2011 கணக்குப்படி அங்கே ஜனத்தொகை சுமார் ஐந்தரை லட்சம். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் 18.8 லட்சம். அந்தச் சின்ன மாவட்டத்திலிருந்து எம்.பி. கணேஷ், பி.பி. கோவிந்தா, 1980 தங்க அணியில் இருந்த எம்.எம். சோமையா, நம்ம காலத்தில் அர்ஜுன் ஹாலப்பா, எஸ்.வி. சுனில்... ஜனத்தொகைதான் கணக்குன்னா நம்ம மாவட்டத்தில் இதைப்போல மூணு மடங்கு பேர் வந்திருக்கணுமே. வரலை.

அங்கே பட்டாளத்துக்குப் போற வழக்கம் தலைமுறையாக இருக்குது. காபித் தோட்டத்தால் ஓரளவு வசதியும் இருக்குது. 1997 முதல் குடவர்கள் குடும்பத்துக்கு ஒரு அணின்னு வருஷா வருஷம் ஹாக்கித் திருவிழா நடத்துறாங்க. இப்ப முன்னூறுக்கும் மேற்பட்ட குடும்ப அணிகள் வருது. தாத்தாவும் பேரனும் மருமகளும் ஒரே அணியில் ஆடுவாங்க. அவங்கள்ல ரொம்பப் பேர் நாட்டுக்காக ஆடப்போறது இல்லை. ஆனா அவ்வளவு பேர் ஆடுறதாலதான் நாலு பேர் நாட்டுக்கு ஆட முடியுது. நெதர்லாந்தும் இப்படித்தான். அங்கே மொத்தமே சுமார் 1.8 கோடி ஜனம். ஊர் ஊருக்குக் கிளப், கிளப்புக்குத் தரை. பாரிஸில் ஆண்கள், பெண்கள் ரெண்டு ஹாக்கித் தங்கமும் அவங்களுக்குத்தான்.

இனி என் கதை. என் அண்ணன் மகள் நல்லா ஓடுவா. காட்டுப் பாதையில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து நடந்தே கால் இறுகிப்போன பொண்ணு. ஒரு வருஷம் மாவட்டப் போட்டிக்குப் பேர் வந்தது. விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடிக்கணும். "சித்தப்பா, நீ கூட வந்தா போதும், அப்பா விட்டுடுவாரு"ன்னா. அது ராகி அறுப்பு நேரம். ராத்திரி எல்லாம் யானைக்குக் காவல் இருந்துட்டு வந்த நான், "அடுத்த வருஷம் போலாம் கண்ணு"ன்னு சொல்லிட்டேன். அடுத்த வருஷம் படிப்பை முடிச்சுட்டு ஓசூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போயிட்டா. அவ ஜெயிச்சிருப்பாளான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு உறுத்துது.

டீக்கடைப் பெரியவருக்கு இப்ப என் பதில் இதுதான்: நூத்தி நாப்பது கோடின்னு எண்ணாதீங்க ஐயா. அதுல எத்தனை பிள்ளைங்களுக்கு ஆட ஒரு இடம், சாயங்காலம் ஒரு மணி நேரம், வயித்துக்குச் சாப்பாடு, கூட்டிப் போக ஒரு ஆள் இருக்குதுன்னு எண்ணுங்க. நம்ம ஜனத்தொகை அவ்வளவுதான். ஜெயிச்சவனுக்குக் கோடி கொடுக்கிறது நல்லதுதான், தப்பில்லை. ஆனா அது பிலிகுண்டுலுவில் மாலை போடுறது. மழைக்கு வேற வேலை செய்யணும்.

இந்த வருஷம் ராகி அறுத்ததும் ரோட்டோரம் இருக்கிற அரை ஏக்கரை உழாம விட்டிருக்கேன். கல்லைப் பொறுக்கிப் போட்டாச்சு. சித்திரை மழை வர்ற வரைக்கும் பசங்க ஆடட்டும். பொண்ணுங்களும் வரணும்னு சொல்லியிருக்கேன். நேத்து ரெண்டு பேர் வந்தாங்க.