கணக்கில் வராத கருக்கள்

எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்துக்கு வருபவருக்கு 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும், கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது என்று அத்தனையும் எழுதி வைத்த ஊர் இது. ஆனால் கல்வெட்டிலோ பதிவேட்டிலோ ஏறாத கணக்கு ஒன்று உண்டு. நாள் தள்ளிப்போய், சில நாளிலேயே கலைந்துவிடும் கருக்களின் கணக்கு அது. அதை மனிதர்கள் எப்படி எண்ணக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கருச்சிதைவுக்கு அந்த மொழியில் 'ஃபோஸ் கூஷ்' என்பார்கள். 'பொய்ப் பிரசவம்' என்று பொருள் கொள்ளலாம். நம் ஊரில் 'கலைஞ்சு போச்சு' என்பதோடு சரி. ஒன்று பொய் என்றது, மற்றது பேச்சையே முடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்ல ஒரு ஹார்மோன் வர வேண்டியிருந்தது.

1927-28-இல் பெர்லினில் செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற இரு மருத்துவர்கள், கர்ப்பிணியின் சிறுநீரைச் சுண்டெலிக் குட்டிகளுக்கு ஊசி வழியே செலுத்தினார்கள். சில நாள் கழித்து எலியை அறுத்துப் பார்த்தால் அதன் சினைப்பை பருவமடைந்திருக்கும். இருவரும் யூதர்கள். நாஜி ஆட்சி வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறி, ஒருவர் பாரிசுக்கும் மற்றவர் ஜெருசலேமுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். எலிக்குப் பின் அமெரிக்காவில் முயல் வந்தது. தென்னாப்பிரிக்கத் தவளையும் வந்தது. அதைக் கொல்ல வேண்டியதில்லை, ஊசி போட்ட சில மணி நேரத்தில் முட்டையிட்டுச் சேதி சொல்லிவிடும்.

சேதி சொன்ன பொருளின் பெயர் எச்.சி.ஜி. கரு கருப்பைச் சுவரில் ஒட்டியதும் அதன் வெளிப்புறச் செல்கள் இதைச் சுரக்கின்றன. 'நான் வந்துவிட்டேன், இந்த மாதம் தீட்டு வேண்டாம்' என்று தாயின் உடம்புக்கு அது அனுப்பும் ஓலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓலை கிடைத்தால் சினைப்பை தொடர்ந்து புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும், கரு நிலைக்கும். முதல் வாரங்களில் இதன் அளவு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டரை மாதவாக்கில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும்.

இதே ஓலையை வழிமறித்தால் கரு தங்காது என்று யோசித்தவர் நம் நாட்டு விஞ்ஞானி ஜி.பி. தல்வார். டெல்லி தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர். அவர் குழுவின் தடுப்பூசி ஆய்வு 1994-இல் வெளிவந்தது. போதிய எதிர்ப்புச் சக்தி உண்டான பெண்களில், 1,224 மாதச் சுழற்சிகளில் ஒரே ஒரு கர்ப்பம்தான் உண்டானது.

இந்த ஹார்மோனை இன்னொரு ஹார்மோனோடு குழப்பிக்கொள்ளாமல் நுட்பமாக அளக்கும் முறை 1972-இல் அமெரிக்காவில் வந்தது. அதன் பிறகுதான் பெரிய உண்மை வெளிப்பட்டது. ஆலன் வில்காக்ஸ் என்பவரின் குழு, குழந்தைக்கு முயன்ற 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்துச் சோதித்து 1988-இல் முடிவை வெளியிட்டது. உண்டான கர்ப்பங்கள் 198. அவற்றில் 22 சதவீதம், கர்ப்பம் என்று தெரிய வருமுன்பே கலைந்துவிட்டன. பின்னால் கலைந்தவற்றையும் சேர்த்தால் 31 சதவீதம். தெரியாமலே இழந்தவர்களில் 95 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுக்குள் மீண்டும் கருவுற்றார்கள்.

இதைப் படித்தபோது என் அக்காவை நினைத்துக்கொண்டேன். 1970-களில் அவருக்கு இரண்டு முறை கலைந்தது. 'பப்பாளி தின்றாயா, தண்ணீர்க் குடம் தூக்கினாயா, மாடிப்படி ஏறினாயா' என்று வீட்டுப் பெரியவர்கள் விசாரணை நடத்தினார்கள். அக்கா பதில் சொல்லாமல் அடுப்படியிலேயே இருந்துவிடுவார். முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் கலைபவை. கரு உருவாகும்போதே அது தீர்மானமாகிவிடுகிறது. குடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

குமாஸ்தா வேலை பார்த்தவன் என்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. ஆனால் அத்தாட்சி கேட்டது. சோதனையே செய்யாமல் கலைந்ததற்கு எந்தப் பெண் அத்தாட்சி கொண்டுவருவாள்? இன்று மருந்துக் கடையிலேயே கிட் கிடைக்கிறது. இரண்டு கோடு தெரிந்தால் உடனே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்துகொள்வது நல்லது.

வீட்டில் பெண் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இரண்டு வார்த்தை. இரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரே நாளில் இருவருக்கு எண் வெகுவாக மாறுபடலாம். 48 மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது எண்ணோடு ஒப்பிட்டு, ஸ்கேனையும் பார்த்து மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். எண் மெதுவாக ஏறினால் கரு குழாயில் தங்கியிருக்கவும் கூடும். ஒரு பக்க வயிற்று வலி, மயக்கம், இரத்தப்போக்கு இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அக்காவுக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் இரண்டு என்பார். கேட்டவர் போன பிறகு, நாலு என்பார்.