வாக்குரிமை (இந்தியா)

வாக்குரிமை என்பது, தம்மை ஆள்வோரைத் தேர்ந்தெடுப்பதில் பிரஜை ஒவ்வொருவருக்கும் சட்டம் வகுத்தளித்துள்ள பங்காகும். இந்தியாவில் இவ்வுரிமை அரசியலமைப்பின் 326-ஆம் உறுப்பையும், 1950, 1951-ஆம் ஆண்டுகளின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்களையும் ஆதாரமாகக் கொண்டு நிற்கிறது. பேச்சு வழக்கில் யாவரும் இதனை 'ஓட்டு' என்றே சொல்வர். தேர்தலில் நிற்பவரைப் பழைய பத்திரிகைகள் 'அபேட்சகர்' என்று எழுதின. பிற்காலத்தார் அதனை விடுத்து 'வேட்பாளர்' என்றனர். சொல் மாறினும் இரண்டும் 'விரும்புகிறவர்' என்றே பொருள்படுவது கவனிக்கத்தக்கது.

முற்காலம்: முதற் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து வாரியங்களை அமைத்த முறையை விவரிக்கின்றன. இறையிறுக்கும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் வேத ஞானமும் உடையவரே தகுதியுடையோர். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். இதனையே இந்திய ஜனநாயகத்தின் தோற்றுவாய் எனப் பெருமிதத்துடன் கூறுவார் பலர். பிரமதேயம், அதாவது பிராமணர்க்குத் தானமாக அளிக்கப்பட்ட ஊர், ஒன்றன் சபையின் உள் ஏற்பாடான இது, வாக்களிப்பன்று, திருவுளச்சீட்டே என மறுப்பாரும் உளர். இதற்குப் பிற்பட்ட பல நூற்றாண்டுகள் ஊர்ச்சபைகளைப் பற்றித் துண்டு துண்டான சான்றுகளையே விட்டுச் சென்றுள்ளன.

பிரிட்டிஷ் ஆட்சி: ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானம் ஸ்தல ஸ்தாபனங்களில் தேர்தலுக்கு இடம் வகுத்தது. 1919-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணச் சட்டசபைகளுக்கு வாக்காளரை விரிவாக்கியபோதிலும், வரியும் சொத்தும் இல்லாதவர் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். ஸ்திரீகளைச் சேர்ப்பதா என்னும் வினாவை அச்சட்டம் தானே தீர்க்காமல் மாகாணச் சட்டசபைகளின் பொறுப்பில் விட்டது. 1917 டிசம்பரிலேயே சென்னையில் பிரிட்டனின் இந்திய மந்திரி மாண்டேகுவைச் சரோஜினி நாயுடுவின் தலைமையில் சந்தித்த மாதர் தூதுக்குழு ஸ்திரீகளுக்கும் வாக்குரிமை கேட்டிருந்தது. சென்னைச் சட்டசபை 1921-இல் ஸ்திரீகளுக்கிருந்த தடையை நீக்கியது. பிரிட்டிஷ் மாகாணங்களுள் அதுவே முதல் என்பர், சமஸ்தானங்களையும் சேர்த்து எண்ணும்போது திருவிதாங்கூருக்கு முதன்மை தருவாரும் உளர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகச் சபையில் பிரவேசித்து, 1927-இல் அதன் துணைத் தலைவரானார். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் தொகையை மூன்று கோடி அளவிற்கு உயர்த்தியது. இலங்கையோ 1931-லேயே இருபத்தொரு வயது நிரம்பிய இருபாலார்க்கும் வாக்குரிமை அளித்துவிட்டது. அங்கே மலைநாட்டுத் தமிழர் பெரும்பாலோர் 1948, 1949-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அதனை இழந்தது பிற்கால வரலாறு.

பட்டியலும் முதற் பொதுத்தேர்தலும்: அரசியல் நிர்ணய சபையின் விவாதங்கள் முடியுமுன்னரே, 1947 நவம்பரில், அரசியலமைப்பு ஆலோசகர் பி. என். ராவின் பொறுப்பிலிருந்த அச்சபைச் செயலகம் வயது வந்தோர் யாவருக்குமான வாக்காளர் பட்டியலுக்கு அடியிட்டது. உரிமை எழுத்தில் வருமுன்பே உரிமையாளர் பெயர்கள் எழுதப்படத் தொடங்கியதை நோக்க, இந்த எழுத்தர்களின் உழைப்பிற்கு வரலாற்று நூல்கள் இன்னும் சற்று அதிக இடம் தந்திருக்கலாம் எனத் தோன்றுகிறது. பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்தோர், தாம் இவ்விடத்திலேயே தங்க எண்ணியிருப்பதாக அறிக்கை தந்த மாத்திரத்தில் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.

1950 மார்ச்சில் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராக நியமிக்கப்பட்ட சுகுமார் சென், கணிதம் பயின்ற ஐ.சி.எஸ். அதிகாரி. அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட கணக்கோ சாமானியமானதன்று: வாக்காளர் 17 கோடியே 32 லட்சம் பேர், 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். பட்டியல்களைத் தட்டெழுத 16,500 எழுத்தர்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டனர். வடபகுதிகளில் ஸ்திரீகள் பலர் அந்நியரிடம் தம் பெயரைச் சொல்ல ஒருப்படாமல், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டும் பதிவு செய்துகொண்டதனால், தத்தம் பெயராலேயே அவரவர் பதியப்படவேண்டும் என்பதில் உறுதியாயிருந்த சென், அத்தகைய சுமார் 28 லட்சம் பதிவுகளை நீக்கினார். அது கடுமையா, பெண்களைப் பெயருடைய பிரஜைகளாக்கிய கண்டிப்பா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. அடுத்த தேர்தலுக்குள் அப்பெயர்களிற் பெரும்பகுதி பட்டியலில் ஏறிவிட்டது என்பர்.

வாக்குச்சீட்டில் அந்நாளில் எக்குறியும் இடவேண்டியதில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. அப்பெட்டிமேல் அவருடைய சின்னம், காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுகளுக்குக் கதிரும் அரிவாளும், சோஷலிஸ்டுகளுக்கு மரம். திரைமறைவில் சீட்டை விரும்பிய பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியது. இதற்கென ஏறக்குறைய இருபது லட்சம் எஃகுப் பெட்டிகள் செய்யப்பட்டன. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க விரலில் வைத்த அழியா மை 3,89,816 குப்பிகள் செலவாயிற்று எனக் கணக்குக் கூறுகிறது. எண்ணுவதற்காகத் திறந்தபோது சில பெட்டிகளில் பூவும் மனுக்களும் சினிமா நடிகர் படங்களும் இருந்தனவாம். 1951 அக்டோபர் 25-இல், பனிக்காலம் பாதைகளை அடைக்குமுன் முடித்துவிட வேண்டி, இமாசலப் பிரதேசத்துச் சீனிப் பகுதியில் முதலில் வாக்குப்பதிவு நடந்தது. சென்னை மாகாணத்திற்கு முறை வந்தது 1952 ஜனவரியில். மக்களவைக்கு வாக்களித்தோர் நூற்றுக்கு நாற்பத்தைந்து அளவினர்.

சட்ட நிலை: நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளப்பட்டதன்மேல் எழுந்த பொன்னுசாமி வழக்கில், வாக்களிப்பதும் தேர்தலில் நிற்பதும் சட்டத்தால் உண்டானவை, இயல்பான சிவில் உரிமைகள் அல்ல என்று 1952-இல் உச்சநீதிமன்றம் கூறியது. பின்வந்த தீர்ப்புகள் சில, வாக்குரிமையை அரசியலமைப்பு சார்ந்த உரிமையாகவே பேசுகின்றன. விவகாரம் முற்றுப்பெற்றதாகக் கொள்வதற்கில்லை. கடமை என்னும் கோணத்தில் நோக்குமிடத்து, 1976-இல் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகள் பத்திலும், 2002-இல் கூட்டப்பட்ட பதினொன்றாவதிலும் வாக்களிப்பது இடம்பெறவில்லை.

பிற்காலம்: இரட்டை உறுப்பினர் தொகுதிகள் 1961-இல் ஒழிக்கப்பட்டன. வாக்குரிமை வயது 1989 முதல் பதினெட்டு. மின்னணு இயந்திரம் 1982-இல் கேரளத்துப் பரவூரில் முதன்முறை கையாளப்பெற்று, 2004-இல் நாடெங்கும் வந்தது. 1996-இல் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்றமையால் வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சிடப்பட்டது. அவ்வாண்டிலேயே வைப்புத்தொகை பன்மடங்கு உயர்த்தப்பட்டது. 'எவருமில்லை' என்னும் தெரிவு 2013-இல் சேர்ந்தது.

சிறையிலிருப்போர், விசாரணைக் கைதிகள் உட்பட, வாக்களிக்க இயலாது. தடுப்புக் காவலில் உள்ளோர் மட்டும் விலக்குப் பெற்றவர். எனினும் 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, விசாரணைக் கைதி ஒருவர் சிறையிலிருந்தவாறே வேட்பாளராக நிற்கலாம். தமக்குத் தாமே ஓட்டுப் போட்டுக்கொள்ளத்தான் அவருக்கு வழியில்லை.