யு, யு/ஏ, ஏ: தமிழ்ப் படங்களின் வயதுச் சான்றிதழ்

இந்தியத் திரையரங்குகளில் படம் தொடங்குவதற்கு முன் சில விநாடிகள் திரையில் நிற்கும் சான்றிதழ், அந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதைச் சொல்கிறது. 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 'யு/ஏ' என்றால் சிறுவர்களுக்குக் காட்டலாமா என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். 'ஏ' என்றால் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். மருத்துவர் போன்ற குறிப்பிட்ட தொழிலினருக்காக 'எஸ்' என்று ஒன்றும் உண்டு; அதைப் பொதுமக்கள் பார்ப்பது அரிது. இவற்றை வழங்குவது மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம். பெயரில் சான்றிதழ் இருந்தாலும் கோடம்பாக்கத்தில் இன்றும் அதற்கு 'சென்சார்' என்றுதான் பெயர். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு எச்சரிக்கையாக ஏற்பட்ட இந்த எழுத்துகள் தமிழ்த் திரைத்துறையில் வரியையும் தொலைக்காட்சி உரிமையையும் முதல் வாரக் கூட்டத்தையும் முடிவு செய்பவையாக மாறின. அந்த மாற்றம் 2011 முதல் 2017 வரையான ஆண்டுகளில் உச்சத்தில் இருந்தது.

தொடக்கம்

பிரிட்டிஷ் ஆட்சி 1918இல் திரைப்படச் சட்டத்தை இயற்றி, 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் ஆகிய துறைமுக நகரங்களில் தணிக்கை வாரியங்களை அமைத்தது. அவை காவல்துறை ஆணையர்களின் பிடியில் இருந்தன. அரசுக்கு ஆகாத படம் எது என்பதே அவற்றின் கவலை. குழந்தைக்கு ஆகாத படம் எது என்பது பிறகு வந்த கேள்வி. 1927இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு நாடெங்கும் சாட்சியம் திரட்டி 1928இல் அறிக்கை தந்தது. ஆயினும் படம் ஒன்று அனுமதிக்கப்படும், அல்லது தடுக்கப்படும் என்ற நிலையே நீடித்தது. கே. சுப்ரமணியத்தின் 'தியாகபூமி' (1939) அப்படித் தடுக்கப்பட்ட படம்.

விடுதலைக்குப் பின் 1949இல் செய்யப்பட்ட திருத்தம்தான் பார்வையாளர்களை முதன்முறையாக வயதால் பிரித்தது. யு, ஏ என்ற இரண்டு எழுத்துகளும் பிரிட்டனிலிருந்து வந்தவை. அங்கே தொடக்கக் காலத்தில் 'ஏ' ஓர் அறிவுரையாக இருந்தது. இங்கே அது வாசலை அடைக்கும் தடையாயிற்று. 1951இல் மாகாண வாரியங்கள் போய் மத்திய வாரியம் வந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டம்தான் பல திருத்தங்களோடு இன்றுவரை நடைமுறையில் உள்ளது.

தமிழில் முதன்முதலாக 'ஏ' பெற்றதாக அறியப்படும் படம் ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரித்து கே. ராம்நாத் இயக்கிய 'மர்மயோகி' (1951). எம்.ஜி.ஆர். நாயகன். காரணம், அதில் வந்த ஆவிக் காட்சிகள். பேய்ப் படங்களுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகும் இன்றைய குடும்பங்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் 'ஏ' என்றால் பாலுறவுக் காட்சி என்ற எண்ணம் அந்த எழுத்தோடு ஒட்டிப் பிறந்ததல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த எண்ணம் எழுபதுகளில் ஏற்பட்டது. பாலியல் தொழிலாளி ஒருத்தியின் வாழ்வைச் சொன்ன ஐ.வி. சசியின் மலையாளப் படம் 'அவளுடெ ராவுகள்' (1978) போன்றவை ஓடிய ஓட்டத்தைப் பார்த்த விநியோகஸ்தர்கள், சுவரொட்டியில் 'ஏ' எழுத்தைப் படத்தின் பெயருக்குச் சமமாகப் பெரிதாக்கினார்கள். எச்சரிக்கை விளம்பரமாயிற்று. அதன் விளைவைச் சுமந்தவை, முதிர்ந்த பார்வையாளர்களுக்காக நேர்மையாக எடுக்கப்பட்ட படங்கள். 'ஏ' என்றதும் குடும்பங்கள் முகம் திருப்பிக்கொண்டன.

அப்பாஸ் வழக்கும் 'யு/ஏ'யும்

இந்தியத் தணிக்கைச் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்பு ஒரு 'ஏ' சான்றிதழைப் பற்றிய சண்டையில் பிறந்தது. இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்துக் காட்டும் ஒரு குறும்படம் எடுத்தார். பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சி அதில் இருந்ததால் வாரியம் 'ஏ' கொடுத்தது. அவர் 'யு' கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு இறங்கிவந்து 'யு' தருவதாகச் சொன்னது. அப்பாஸ் விடவில்லை, முன்தணிக்கையே அரசியல் சட்டத்துக்கு ஏற்றதுதானா என்று கேட்டார். தலைமை நீதிபதி ஹிதயதுல்லா தலைமையிலான அமர்வு 1970இல் முன்தணிக்கை செல்லும் என்றது. மற்றக் கலைகளைவிடத் திரைப்படம் உணர்ச்சிகளை ஆழமாகக் கிளறுகிறது, ஆகவே அதைத் தனியாக நடத்தலாம் என்பது அதன் வாதம். வாரியத்தின் முடிவை எதிர்த்துச் செல்லத் தனி அமைப்பு வேண்டும் என்பதை அரசு அந்த வழக்கில்தான் ஒப்புக்கொண்டது. அது நிறைவேறப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

1983 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை ஏற்படுத்தியது. 'யு/ஏ', 'எஸ்' என்ற இரண்டு பிரிவுகளைச் சேர்த்தது. வாரியத்தின் பெயரில் இருந்த 'தணிக்கை'யை எடுத்துவிட்டுச் 'சான்றிதழ்' என்று வைத்தது.

'யு' கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு வாரியம் அளித்த 'யு'வைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுத் தந்தது. போராட்டம் வெடிக்கும் என்ற மிரட்டலைக் காட்டிக் கருத்துரிமையை அடக்க முடியாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. தமிழ்ப் படம் ஒன்றால் நாட்டுக்கே கிடைத்த பாதுகாப்பு அது.

பேரம்

படத்தை முதலில் பார்ப்பது ஆய்வுக் குழு. சென்னை மண்டல அலுவலகத்தின் அதிகாரி ஒருவரும் ஆலோசனைக் குழு உறுப்பினர்களும் அதில் இருப்பார்கள். படம் முடிந்ததும் தயாரிப்பாளரிடம் குழு தன் முடிவைச் சொல்கிறது. அந்த முடிவு பெரும்பாலும் ஒரு தேர்வாகவே வருகிறது: இன்னின்ன காட்சிகளை வெட்டி, இன்னின்ன வசனங்களை மியூட் செய்தால் இந்த எழுத்து, அப்படியே வேண்டுமென்றால் அந்த எழுத்து. ஒப்பாதவர் மறுபரிசீலனைக் குழுவுக்குப் போகலாம். 2021 வரை அதற்கு மேல் தீர்ப்பாயம் இருந்தது.

இந்த இடத்தில்தான் சான்றிதழ் படத்தின் உள்ளே நுழைகிறது. சட்டப்படி வாரியம் யாரையும் 'யு' வாங்கச் சொல்வதில்லை. ஆனால் வெளியீட்டுத் தேதி குறித்து, திரையரங்குகள் பிடித்து, வட்டிக்கு வாங்கிய பணம் நிற்கும்போது தயாரிப்பாளர் எதற்கும் தலையாட்டுவார். அனுபவமுள்ள இயக்குநர்கள் எழுதும்போதே இதைக் கணக்கில் கொள்கிறார்கள். வெட்டப்பட்ட காட்சிகளை எண்ணிப் பார்க்க முடியும். எழுதாமலே விட்ட காட்சிகளுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

மறுத்து நின்றவர்களும் உண்டு. தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' படத்துக்கு வாரியம் 52 வெட்டுகளைக் கேட்டது. தயாரிப்பாளர் எஸ்.பி.பி. சரண் டெல்லித் தீர்ப்பாயம் வரை போய், பெரும்பாலான வெட்டுகளைத் தவிர்த்து, 'ஏ' சான்றிதழோடு 2011 ஜூனில் படத்தை வெளியிட்டார். அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. திரையரங்கில் கூட்டம் வரவில்லை. இன்று தமிழின் சிறந்த படங்களில் ஒன்றாகப் பேசப்படும் படத்தின் முதல் வாரக் கணக்கு அப்படித்தான் இருந்தது.

வரிவிலக்கு ஆண்டுகள்

சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் 1939இல் வந்தது. டிக்கெட் விலையில் மாநில அரசு எடுத்துக்கொள்ளும் பங்கு அது. 2006இல் மு. கருணாநிதி அரசு, தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்கு இந்த வரியிலிருந்து முழு விலக்கு அளித்தது. ஆங்கிலத் தலைப்புகள் குவிந்திருந்த காலத்தில் அது மொழிக்காகச் செய்த செயல்; ஒரே ஆண்டில் தலைப்புகள் தமிழுக்குத் திரும்பின. 2011இல் ஜெ. ஜெயலலிதா அரசு அதோடு நிபந்தனைகளைச் சேர்த்தது. தலைப்பு தமிழில் இருந்தால் போதாது. 'யு' சான்றிதழ் இருக்க வேண்டும், தமிழ்ப் பண்பாட்டுக்கு உகந்ததாக இருக்க வேண்டும், வன்முறையும் ஆபாசமும் மிகக் கூடாது. வரி விகிதமோ 30 சதவீதம் வரை உயர்ந்திருந்தது.

இதன் பொருளைத் தயாரிப்பாளரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு அரசு நிர்ணயித்த உச்சவரம்பு இருந்தது. மல்டிபிளெக்ஸில்கூட 120 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. எனவே வரியைப் பார்வையாளர் தலையில் ஏற்றிவிட்டுத் தப்ப வழியில்லை. 'யு' வாங்கினால் அந்தப் பங்கு தயாரிப்பாளர், விநியோகஸ்தர், திரையரங்கு உரிமையாளர் ஆகியோரிடம் தங்கும். 'யு/ஏ' வாங்கினால் அரசுக்குப் போகும். பெற்றோருக்கான ஒரு சிறு அறிவுரைக்கு வசூலில் 30 சதவீதம் வரை விலை வைக்கப்பட்டது. 'யு/ஏ' தரப்பட்ட படங்கள் மறுபரிசீலனைக் குழுவுக்குப் போய், கூடுதல் வெட்டுகளை ஏற்று 'யு'வோடு திரும்புவது வழக்கமாயிற்று.

'யு' மட்டும் போதவும் இல்லை. விலக்குக்குப் படம் தகுதியானதா என்பதை அரசு அமைத்த குழு தனியாகப் பார்த்தது. எதிர்க்கட்சி சார்ந்த தயாரிப்பாளர்கள் தங்களுக்கு விலக்கு மறுக்கப்படுவதாக நீதிமன்றம் போனார்கள். 'கெத்து' (2016) என்ற தலைப்பு தமிழ்தானா என்பதுகூட உயர் நீதிமன்ற வழக்காயிற்று.

இந்த ஏற்பாட்டின் ஆகப் பெரிய கேடு சான்றிதழின் நம்பகத்தன்மையில் விழுந்தது. துப்பாக்கிச் சண்டையும் கும்பல் பழிவாங்கலும் நிறைந்த 'கபாலி' (2016) 'யு' பெற்றது. குழந்தைக்கு உகந்ததா என்று அந்த எழுத்தை நம்பிப் போன பெற்றோருக்கு அது என்ன சொல்லியது? அதே படத்தின் முடிவை மலேசியத் தணிக்கை அப்படியே ஏற்கவில்லை. நாயகன் கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக ஓர் எழுத்துக்குறிப்பு அங்கே சேர்க்கப்பட்டது. மறுபுறம் சாதிக் கொலையையோ காவல் நிலையச் சித்திரவதையையோ உண்மையோடு காட்டும் படம் விலக்குக்கு வெளியே நின்றது. ரத்தம் தெரியாத அடிதடிக்குச் சலுகை, வலி தெரியும் வன்முறைக்கு அபராதம் என்பதுதான் நடைமுறையில் விளைந்தது. வன்முறையின் விலையைக் காட்டும் படத்தைவிட அதைக் கொண்டாடும் படமே சிறுவர்களுக்கு அதிகத் தீங்கு என்பது என் உறுதியான கருத்து. வரிச்சலுகை இதைத் தலைகீழாக்கியது. விலக்கால் டிக்கெட் விலை குறையவில்லை என்ற குறையும் அக்காலத்தில் நீதிமன்றம் வரை போனது.

2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்ததும் மாநிலக் கேளிக்கை வரி அதில் கரைந்தது. அப்போது 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம். அதற்கு மேல் மாநில அரசு உள்ளாட்சி வரியையும் விதித்ததால் திரையரங்குகள் சில நாட்கள் மூடிக்கிடந்தன. பிறகு புதிய தமிழ்ப் படங்களுக்கு அது 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எந்தச் சான்றிதழ் என்பது வரிக் கணக்கிலிருந்து விலகியது. வெற்றிமாறனின் 'வடசென்னை' (2018), குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' (2019) இரண்டும் 'ஏ' சான்றிதழோடே வந்தன.

தொலைக்காட்சி

வரி போனாலும் இன்னொரு பிடி தொடர்ந்தது. 'ஏ' படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. வெட்டி, 'யு' அல்லது 'யு/ஏ' வாங்க வேண்டும். தமிழ்ப் படங்களுக்குச் சேட்டிலைட் உரிமை பெரிய வருமானம் என்பதால் இது சிறிய தடையல்ல. நடிகை சில்க் ஸ்மிதாவின் வாழ்வைத் தழுவியதாகப் பேசப்பட்ட இந்திப் படம் 'த டர்ட்டி பிக்சர்' ஐம்பதுக்கும் மேற்பட்ட வெட்டுகளுக்குப் பின் 'யு/ஏ' பெற்றது. அப்படியும் 2012 ஏப்ரலில் பகல் நேர ஒளிபரப்பு கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது.

2021க்குப் பின்

2021 ஏப்ரலில் ஒன்றிய அரசு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைக் கலைத்தது. இனி உயர் நீதிமன்றம்தான். 'ஆரண்ய காண்டம்' போன்ற ஒரு சிறிய படத்துக்கு இருந்த, ஓரளவு மலிவான வழி அடைபட்டது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் 'யு/ஏ'வை 7, 13, 16 என மூன்று வயதுகளாகப் பிரித்தது. ஓ.டி.டி. தளங்களுக்கு 2021இலேயே வந்துவிட்ட பிரிவுகள் இவை. இயக்குநர் ஷியாம் பெனகல் தலைமையில் அரசு அமைத்த குழுவும் 2016இல் 12, 15 என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்லியிருந்தது. வாசலில் வயது கேட்க வேண்டிய கட்டாயம் 'ஏ' படத்துக்கு மட்டும். 18க்குக் குறைந்தவரை அனுமதிக்கும் திரையரங்கு உரிமையாளருக்குத் தண்டனை உண்டு. மற்ற வயதுகள் பெற்றோர் பொறுப்பு.

இந்த வேறுபாட்டின் பண மதிப்பு 2025 ஆகஸ்டில் தெரிந்தது. லோகேஷ் கனகராஜ் இயக்கி ரஜினிகாந்த் நடித்த 'கூலி' வன்முறைக்காக 'ஏ' பெற்றது. மூன்று தலைமுறை சேர்ந்து பார்க்கும் நாயகனின் படத்துக்குச் சிறுவர்கள் வர முடியவில்லை. படம் வெளியான பிறகு தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 'யு/ஏ' கேட்டு வழக்குத் தொடுத்தது. இதே அளவு வன்முறை கொண்ட 'கே.ஜி.எஃப்.', 'பீஸ்ட்' போன்றவை 'யு/ஏ' பெற்றனவே என்பது அதன் வாதங்களில் ஒன்று. காட்சிகளை வெட்ட மறுத்துவிட்டு 'யு/ஏ'வையும் கேட்க முடியாது என்பது வாரியத்தின் பதில். மாத இறுதியில் மனு தள்ளுபடியானது.