சொல்வகை மாற்றம் (ஆங்கிலம்)

சொல்வகை மாற்றம் என்பது ஒரு சொல் தன் வடிவில் மாற்றம் எதுவுமின்றி ஒரு சொல்வகையிலிருந்து வேறொரு சொல்வகைக்கு மாறுவதாகும். ஆங்கிலத்தில் புதுச்சொற்கள் தோன்றும் முக்கிய வழிகளுள் இதுவும் ஒன்று. "பாட்டில்" (புட்டி) என்னும் பெயர்ச்சொல், புட்டியில் அடைத்தல் என்னும் பொருளில் வினைச்சொல்லாகவும் வழங்குவது இதற்கு எடுத்துக்காட்டு.

வரலாறு

பழைய ஆங்கிலத்தில் பெயருக்கும் வினைக்கும் தனித்தனி விகுதிகள் இருந்தன. அன்பைக் குறிக்கும் பெயர் "லுவு" எனவும், அன்பு செய்தலைக் குறிக்கும் வினை "லுவியன்" எனவும் வழங்கின. இடைக்கால ஆங்கிலத்தில் (ஏறத்தாழ 1150–1500) இவ்விகுதிகள் தேய்ந்து மறைந்ததால், இரண்டும் "லவ்" என்னும் ஒரே வடிவம் பெற்றன. ஒரு சொல் பெயரா வினையா என்பதைப் பெரும்பாலும் வாக்கியத்தில் அது நிற்கும் இடமே காட்டுவதாயிற்று. இது புதிய மாற்றங்களையும் எளிதாக்கியது.

வகைகள்

* பெயர் வினையாதல்: "ஹேமர்" (சுத்தியல்) என்பது சுத்தியலால் அடித்தலையும் குறிக்கும். "டஸ்ட்" (தூசி) வினையாகும்போது தூசியைத் துடைத்தல், பொடியைத் தூவுதல் என இரு எதிர்ப்பொருள்களைத் தரும்.
* வினை பெயராதல்: "வாக்" (நட), "கெஸ்" (ஊகி) ஆகியன நடை, ஊகம் என்னும் பொருளில் பெயர்களாகவும் வரும்.
* பெயரடை வினையாதல்: "டிரை" (உலர்ந்த) என்பது உலர்த்துதலையும் குறிக்கும்.
* பெயரடை பெயராதல்: "த புவர்" என்பது ஏழைகளைக் குறிக்கும். எனினும் "புவர்" பன்மை விகுதி ஏற்பதில்லை. ஆகவே இது முழுமையற்ற மாற்றம் எனப்படும்.

"ஸ்டோன் வால்" (கற்சுவர்) என்பதில் "ஸ்டோன்" பெயரடைபோல் நின்றாலும், "வெரி" (மிக) என்னும் அடையை ஏற்பதில்லை. எனவே அது பெயராகவே கருதப்படுகிறது.

ஒலியும் இலக்கணமும்

சில இணைகளில் எழுத்து மாறாவிடினும் அழுத்தம் மாறும். "ரெக்கார்ட்" (பதிவு) பெயராகும்போது முதல் அசையிலும், வினையாகும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறும். பெயரிலிருந்து பிறக்கும் வினை பொதுவாக ஒழுங்கான இறந்தகால விகுதியையே ஏற்கும். மணி ஒலித்தலைக் குறிக்கும் "ரிங்" இறந்தகாலத்தில் "ராங்" ஆகும். வளையம் என்னும் பெயரிலிருந்து வந்த, சூழ்ந்துகொள்ளுதலைக் குறிக்கும் "ரிங்" என்பதோ "ரிங்டு" ஆகும்.

எதிர்ப்பு

பெயர்கள் வினையாவதை மொழிச்சிதைவாகக் கருதியோர் உண்டு. பெஞ்சமின் பிராங்கிளின் 1789இல் அகராதியாளர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் "நோட்டீஸ்", "அட்வகேட்", "புரோகிரஸ்" ஆகியவற்றை வினையாக வழங்குவதைக் குறைகூறி, அவற்றைக் கண்டிக்குமாறு வேண்டினார். அவர் புதியதெனக் கருதிய "புரோகிரஸ்" என்னும் வினையைச் சேக்சுபியர் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே "கிங் ஜான்" நாடகத்தில் ஆண்டிருந்தார். இம்மூன்றும் இன்று இயல்பான வினைகளாக வழங்குகின்றன. இணையத்தில் தேடுதலைக் குறிக்கும் "கூகிள்" என்னும் வினை 2006இல் ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது.

தமிழுடன் ஒப்பீடு

தமிழில் "அடி", "வெட்டு" முதலிய முதனிலைத் தொழிற்பெயர்கள் இதனுடன் ஒப்பிடத்தக்கவை. வினையடி விகுதியின்றியே பெயராகிறது. ஆனால் பொருட்பெயர்கள் அவ்வளவு எளிதில் வினையாவதில்லை. ஆங்கிலத்தில் "ஈமெயில்" தனித்தே வினையாகும்; தமிழில் அதனுடன் "அனுப்பு", "செய்" போன்றதொரு வினை சேரவேண்டும்.